160 கோடி தோட்டாக்கள்: அமெரிக்க அரசு வாங்கிக் குவித்ததால்தான் கடைகளில் தட்டுப்பாடு வந்ததா?

அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் ஒரு பழைய எண் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும். 160 கோடி.

"உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டா வாங்கிடுச்சு. அதனாலதான் கடையில ஒண்ணுமே இல்லை. சொந்த நாட்டுக்குள்ள யாரைச் சுட இத்தனை தோட்டா?" இதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

அந்த எண் யாரோ கற்பனையில் எழுதியதில்லை. அரசின் ஒப்பந்த ஆவணங்களைக் கூட்டினால் வருவதுதான். கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்ததும் உண்மைதான். ஆனால், இதனால்தான் அது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதில்தான் சிக்கல்.

2012-13-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது? தோட்டாக்கள் உண்மையில் எங்கே போயின? அரசு வாங்குவதால் பொதுமக்களுக்குத் தட்டுப்பாடு வரவே வராதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் தோட்டா வாங்குவது எப்படி?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் கதையே வேறு. தோட்டா வாங்க மத்திய அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை. எண்ணிக்கை வரம்பும் இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாகாணங்கள் மட்டும் பின்னணிச் சோதனை கேட்கின்றன. மற்றபடி, மளிகை வாங்கும் வால்மார்ட்டிலேயே ஒரு பெட்டி தோட்டாவையும் வாங்கிக்கொண்டு வரலாம்.

வேட்டை, விளையாட்டு, தற்காப்பு என்று பல காரணங்களுக்காக மக்கள் வாங்குகிறார்கள். சாதாரண வருடத்திலேயே இந்தச் சந்தையின் அளவு கிட்டத்தட்ட 1,000 கோடி தோட்டாக்கள் என்பது துறை சார்ந்தவர்களின் மதிப்பீடு.

இன்னொரு விஷயத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா என்றால் எல்லாம் ஒன்றல்ல. .22, 9 எம்எம், .40, .223 என்று பல அளவுகள் உண்டு. ஒரு அளவுக்கான துப்பாக்கியில் இன்னொரு அளவுத் தோட்டாவைப் போட முடியாது. இது பின்னால் முக்கியமாகும்.

160 கோடி எங்கிருந்து வந்தது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 22 அமைப்புகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து உருவாக்கப்பட்டதுதான் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. எல்லைக் காவல், குடியேற்றச் சட்டங்களை அமல்படுத்தும் 'ஐஸ்', அதிபருக்குப் பாதுகாப்பு தரும் சீக்ரெட் சர்வீஸ், கடலோரக் காவல் படை எல்லாமே இதற்குள்தான் வருகின்றன. துப்பாக்கி ஏந்தும் பணியாளர்கள் மட்டுமே 70,000-க்கும் அதிகம்.

2012 மார்ச் மாதம் ஏடிகே என்ற தோட்டா நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐஸ் அமைப்புக்கு ஐந்தாண்டுகளில் 45 கோடி வரை .40 அளவுத் தோட்டாக்களை வழங்கும் ஒப்பந்தம் தங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்றது. அதுவும் 'ஹாலோ பாயிண்ட்' வகை. அதாவது முனையில் குழிவுள்ள, உடலில் பட்டதும் விரிந்துகொள்ளும் தோட்டா.

பிறகு ஜார்ஜியா மாகாணம் கிளின்கோவில் உள்ள மத்தியக் காவல் பயிற்சி மையத்தின் டெண்டர் வெளியே தெரிந்தது. அது ஐந்தாண்டுகளுக்கு 75 கோடி வரை. மற்ற ஒப்பந்தங்களையும் சேர்த்துக் கூட்டி, 2013 பிப்ரவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 160 கோடிக்கும் மேல் என்று எழுதியது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு, பயிற்சி உட்பட எல்லாத் தேவைக்கும் சேர்த்து என்பதும் அந்தச் செய்தியிலேயே இருந்தது. வழக்கம்போல எண் மட்டும் பறந்தது. விளக்கம் அங்கேயே நின்றுவிட்டது.

"இராக் போரையே இருபது வருஷத்துக்கு நடத்தலாம்" என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள்.

வானிலைத் துறைக்கு எதற்குத் தோட்டா?

இதற்கு முன்பே, 2012 ஆகஸ்டில் இன்னும் இரண்டு செய்திகள் நெருப்பை ஊதிவிட்டிருந்தன.

ஒன்று, முதியோர் ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1,74,000 தோட்டாக்களுக்கு டெண்டர் விட்டது. "பென்ஷன் கொடுக்குற ஆபீசுக்கு எதுக்கு தோட்டா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: அந்த நிர்வாகத்தில் மோசடிகளை விசாரிக்கவும், அலுவலகங்களுக்கு வரும் மிரட்டல்களைக் கையாளவும் 295 சிறப்பு அதிகாரிகள் 66 அலுவலகங்களில் இருக்கிறார்கள். கைது செய்யும் அதிகாரம் உள்ளவர்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் அதிகாரிக்கு சுமார் 590 தோட்டா. பயிற்சிக்கும் சேர்த்து.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யம். தேசிய வானிலை சேவை 46,000 தோட்டாக்கள் கேட்பதாக ஓர் ஆவணத்தில் இருந்தது. புயல், மழை சொல்லும் அலுவலகத்துக்குத் தோட்டாவா? அது எழுத்துப் பிழை. உண்மையில் கேட்டது, அதே தலைமை நிறுவனத்தின் கீழ் வரும் மீன்வள அமலாக்கப் பிரிவு. கடலில் சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கும் அதிகாரிகளுக்காக. ஆவணம் திருத்தப்பட்டது. ஆனால் திருத்தத்தைப் பகிர்ந்தவர்களைவிட, பிழையைப் பகிர்ந்தவர்களே அதிகம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அமெரிக்காவின் மிகப் பெரிய துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்ஆர்ஏ-வே அந்த ஆகஸ்டில் இந்த வதந்தியைத் தள்ளிவிட்டது. நம் உரிமைகளுக்கு இருக்கும் ஆபத்துகள் போதும், புதிதாகக் கற்பனை செய்ய வேண்டாம் என்ற தொனியில் தன் உறுப்பினர்களுக்கு விளக்கம் கொடுத்தது.

'வரை' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது

45 கோடி 'வரை', 75 கோடி 'வரை'. இந்தச் சின்னச் சொல்லைப் பலரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

கல்யாணத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஓர் இலை இத்தனை ரூபாய். ஆயிரம் இலை வரைக்கும் இதே ரேட்" என்று பேசி வைக்கிறோம். கடைசியில் 400 பேர்தான் சாப்பிட்டார்கள் என்றால் 400 இலைக்குத்தான் பணம். ஆயிரம் என்பது உச்சவரம்பு. ஆயிரம் இலையையும் யாரும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் அடுக்கி வைக்கவில்லை.

அமெரிக்க அரசின் தோட்டா ஒப்பந்தங்களும் இப்படித்தான். விலையை முன்பே பேசி முடித்துவிடுவார்கள். எவ்வளவு, எப்போது என்பதைத் தேவைக்கேற்ப ஆர்டர் போட்டுக்கொள்வார்கள். மொத்தமாகப் பேசினால் விலை குறையும் என்பதுதான் நோக்கம்.

பயிற்சி மையத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உச்சவரம்பு ஐந்தாண்டுகளுக்கு 75 கோடி. ஆனால் அந்த மையமும் அதுபோன்ற மற்ற மையங்களும் சேர்ந்து ஓர் ஆண்டில் செலவழிப்பது ஏறக்குறைய 1.5 கோடி என்று அதன் செய்தித் தொடர்பாளரே சொல்லியிருந்தார். ஐந்தாண்டுக்கு 7.5 கோடி. உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கு.

அப்போ உண்மையில் வாங்கியது எவ்வளவு?

இதற்கான பதில் 2014 ஜனவரியில் கிடைத்தது. நம் ஊர் சிஏஜி போல, அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவுகளை ஆராயும் ஜிஏஓ என்ற அமைப்பு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தோட்டாக் கணக்கைத் தோண்டி எடுத்தது. அதன் முக்கிய விவரங்கள்:

- 2008 முதல் 2013 வரையான நிதியாண்டுகளில் துறை வாங்கியது, ஆண்டுக்குச் சராசரியாக 10.9 கோடி தோட்டாக்கள்.
- அதற்கான செலவு, ஆண்டுக்குச் சராசரியாக 1.9 கோடி டாலர்.
- தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2013 நிதியாண்டில் வாங்கியது 8.4 கோடி. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டையும்விட இது குறைவு.
- 2013 அக்டோபரில் கையிருப்பு சுமார் 15.9 கோடி. அது சுமார் 22 மாதங்களுக்குப் போதுமானது.

மூன்றாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். கடைகளில் அலமாரி காலியான அதே ஆண்டில், அரசு வாங்கியது குறைந்திருக்கிறது. அரசு அள்ளிக்கொண்டு போனதால்தான் தட்டுப்பாடு என்றால், கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1,000 கோடி சந்தையில் 10.9 கோடி என்பது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். ஒரு பேச்சுக்கு, அந்த 160 கோடியையும் முழுசாக வாங்கியிருந்தாலும் ஐந்தாண்டில் பிரித்தால் ஆண்டுக்கு 32 கோடி. அதுவும் நூற்றுக்கு மூன்றுதான். நாடு முழுக்கக் கடைகளைக் காலி செய்ய அது போதாது.

சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் வதந்திக்காரர்களா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2013 ஏப்ரல் 25 அன்று நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு இதை விசாரித்தது. குடியரசுக் கட்சியின் ஜேசன் சாஃபெட்ஸ் ஒரு கணக்கை முன்வைத்தார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் அதிகாரிக்கு ஆண்டுக்கு 1,300 முதல் 1,600 தோட்டா வரை செலவழிக்கிறது, ராணுவமோ ஒரு வீரருக்கு 350 தான் செலவழிக்கிறது, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டார்.

மக்கள் வரிப்பணம் செலவாகும் இடத்தில் கேட்கவேண்டிய கேள்விதான் இது. ராணுவத்தில் சமையல்காரர், மெக்கானிக், எழுத்தர் எல்லோரும் தலைக்கணக்கில் வருகிறார்கள் என்பதால் இந்த ஒப்பீடு அவ்வளவு நேரானதல்ல என்று வாதிடலாம். காவல் பணியில் இருப்பவர்கள் தினமும் பொதுமக்கள் நடுவே துப்பாக்கியோடு நடமாடுகிறவர்கள். குறி தவறக் கூடாது. அதற்கான தகுதித் தேர்வுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எழுதியாக வேண்டும். ஆனால் பயிற்சிக்கும் விலை கூடிய ஹாலோ பாயிண்ட் தோட்டாவே வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. அதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

ஹாலோ பாயிண்ட் என்றதும் "போரிலேயே தடை செய்யப்பட்ட தோட்டா ஆச்சே" என்ற பேச்சும் கிளம்பியது. அது பாதி உண்மை. விரியும் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் சொல்கிறது. அந்த விவாதத்துக்குப் பின்னணியாக இருந்தது, கொல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் தயாரித்த தோட்டா. 'டம்டம் தோட்டா' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பிரகடனம் நாடுகளுக்கிடையேயான போருக்கானது. காவல் பணியில், தோட்டா ஒருவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவர் மேல் பாயக் கூடாது என்பதற்காக இந்த வகையைத்தான் அமெரிக்கக் காவல் துறையினர் பரவலாக வைத்திருக்கிறார்கள்.

அதே ஏப்ரலில், செனட்டர் ஜிம் இன்ஹோஃபும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஃபிராங்க் லூகாஸும் அரசு முகமைகளின் தோட்டாக் கொள்முதலுக்குத் தற்காலிக வரம்பு கேட்டு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. ஆனால், மக்கள் பிரதிநிதிகளே தடுக்கப் பார்க்கிறார்கள் என்ற செய்தி மட்டும் கடைவீதி வரை போய்ச் சேர்ந்தது.

சரி, தோட்டாக்கள் எங்கேதான் போயின?

பதில்: மக்கள் வீட்டு அலமாரிகளுக்கு.

2012 நவம்பரில் ஒபாமா இரண்டாம் முறையாக வென்றார். டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாகாணம் நியூடவுனில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்த ஒருவர் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக்கொன்றார். நாடே உறைந்துபோனது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும் என்ற பேச்சு வலுத்தது.

அந்தப் பேச்சு வந்த உடனே, "தடை வர்றதுக்கு முன்னாடி வாங்கிடணும்" என்று கடைகளுக்கு ஓடினார்கள். துப்பாக்கி வாங்குவதற்கான எஃப்பிஐ பின்னணிச் சோதனைகள் 2011 டிசம்பரில் சுமார் 18.6 லட்சம். 2012 டிசம்பரில் 27.8 லட்சம். சோதனை எண்ணிக்கை அப்படியே விற்பனை எண்ணிக்கை இல்லை என்றாலும், சந்தையின் சூட்டை அளக்க அதுதான் வெப்பமானி. 2012 முழுக்க 1.96 கோடி, 2013-ல் 2.1 கோடி என்று சோதனைகள் ஏறின. 1998-ல் அந்த முறை தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத அளவு.

துப்பாக்கி வாங்கினால் தோட்டா வாங்காமல் இருப்பார்களா? வால்மார்ட், 2013 ஜனவரியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்று ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. கடையில் லாரி சரக்கு இறக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு காலையிலேயே வரிசையில் நின்றார்கள். வாங்கியதை இரண்டு மடங்கு விலைக்கு இணையத்தில் விற்றவர்களும் உண்டு.

இங்கேதான் 160 கோடிச் செய்தி தன் வேலையைக் காட்டியது. "அரசாங்கமே எல்லாத்தையும் வாங்குது, நமக்குக் கிடைக்காது" என்று நம்பியவர், ஒரு பெட்டி வாங்க வந்த இடத்தில் ஐந்து பெட்டி எடுத்தார். அடுத்து வந்தவர் காலி அலமாரியைப் படம் பிடித்துப் போட்டார். அந்தப் படம் வதந்திக்குச் சாட்சி ஆனது. அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஓடினார்கள். நாளை முதல் பெட்ரோல் கிடைக்காது என்று யாரோ சொன்னால் அன்று மாலையே பங்க்கில் பெட்ரோல் தீர்ந்துபோகும் அல்லவா, அதே கதைதான்.

காட்டிக்கொடுத்த .22

முன்பு சொன்ன அளவு விஷயத்துக்கு வருவோம். அந்தத் தட்டுப்பாட்டில் மிக மோசமாகக் காணாமல் போனது .22 என்ற சின்னத் தோட்டா. விலை குறைவு. பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கவும், முயல், அணில் வேட்டைக்கும், குறிபார்க்கும் போட்டிகளுக்கும் பயன்படுவது. மற்ற அளவுகள் கடைக்குத் திரும்பிய பிறகும், .22 கிடைப்பது வருடக்கணக்கில் குதிரைக் கொம்பாகவே இருந்தது.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பெருமளவில் வாங்கியது என்ன? .40, 9 எம்எம், .223 போன்றவை. எல்லைக் காவலர் .22-ஐ இடுப்பில் செருகிக்கொண்டு போவதில்லை. அரசு அதிகம் தொடாத தோட்டாதான் அதிகம் காணாமல் போயிருக்கிறது என்றால், பழியை அரசின் கொள்முதல் மேல் போடுவது எப்படிப் பொருந்தும்?

தொழிற்சாலைகள் ஏன் உடனே கூட்டித் தயாரிக்கவில்லை?

கூட்டினார்கள். இருந்த இயந்திரங்களை இரவு பகலாக ஓட்டினார்கள். புதிய தொழிற்சாலை கட்டத்தான் தயங்கினார்கள். காரணம் உண்டு. தோட்டாத் தயாரிப்புக்குத் தனிப்பட்ட இயந்திரங்கள் வேண்டும். விலை அதிகம், வந்து சேரவே காலம் பிடிக்கும். அதற்குள் மக்களின் பயம் தணிந்துவிட்டால் போட்ட முதல் முடங்கிவிடும்.

அந்தத் தயக்கம் வீண் பயமல்ல. 2016-ல் டிரம்ப் வென்றதும், இனி துப்பாக்கிக்குத் தடை வராது என்று மக்கள் நிம்மதியானார்கள். விற்பனை சரிந்தது. 200 ஆண்டுப் பாரம்பரியம் கொண்ட ரெமிங்டன் நிறுவனம் 2018-ல் திவால் மனு கொடுத்தது. 2020-ல் மறுபடியும் கொடுத்தது.

யார் பாதிக்கப்பட்டார்கள்?

இது வெறும் கடைவீதிப் பிரச்சினையாக நின்றுவிடவில்லை. சிறிய ஊர்களின் காவல் துறைகளுக்கு ஆர்டர் போட்ட தோட்டா மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. சில இடங்களில் சுடும் பயிற்சியைக் குறைத்தார்கள். கையில் துப்பாக்கியோடு தெருவில் நிற்கும் காவலர் பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறார் என்றால், அதன் விலையைக் கொடுக்கப்போவது அவர் மட்டுமல்ல. அவர் எதிரே நிற்கும் பொதுமக்களும்தான்.

சட்டம் என்ன ஆனது? துப்பாக்கி விற்பனையில் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தம், 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் தோற்றது. ஆதரவு 54, தேவை 60. எந்தத் தடைக்குப் பயந்து ஓடி ஓடி வாங்கினார்களோ, அந்தத் தடை வரவே இல்லை.

2020: மறுபடியும் அதே காலி அலமாரி

இந்த முறை ஒபாமா இல்லை. 160 கோடி டெண்டரும் இல்லை. வெள்ளை மாளிகையில் இருந்தவர் துப்பாக்கி உரிமைக்கு ஆதரவான டிரம்ப். ஆனாலும் தட்டுப்பாடு முன்பைவிட மோசமாக வந்தது.

கொரோனா, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்த போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.84 கோடியாக இருந்தது, 2020-ல் 3.97 கோடியைத் தொட்டது. முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டுமே 80 லட்சத்துக்கும் மேல் என்று துப்பாக்கித் துறையின் வர்த்தகச் சங்கம் மதிப்பிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. அந்தப் புதியவர்கள் 80 லட்சம் பேரும் ஆளுக்கு 50 தோட்டா உள்ள இரண்டு பெட்டி வாங்கினால்? 80 கோடி தோட்டா. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஏழு ஆண்டுகளில் வாங்கும் அளவை, வீட்டுக்கு இரண்டு பெட்டி என்ற சாதாரணக் கொள்முதல் ஒரே வருடத்தில் தாண்டிவிடுகிறது.

அப்போ அரசுக் கொள்முதலால் பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் வதந்தி கைகாட்டிய இடத்தில் இல்லை. மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, லேக் சிட்டி தொழிற்சாலை. மிசௌரி மாகாணம் இண்டிபென்டன்ஸில் இருக்கிறது. 1941-ல் தொடங்கியது. இடமும் இயந்திரமும் ராணுவத்துடையவை, நடத்துவது தனியார் நிறுவனம். 2020 அக்டோபரிலிருந்து ஓலின் வின்செஸ்டர் நடத்துகிறது. ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேல் தோட்டா தயாரிக்கும் திறன் உள்ளது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காகப் பெருக்கிய திறன், போர் தணிந்ததும் என்ன ஆகும்? ராணுவத்துக்குப் போக மிஞ்சும் திறனில் பொதுமக்களுக்கான தோட்டா தயாரித்து விற்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அப்படிச் செய்தால் ஆட்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், அவசரத்துக்குத் தொழிற்சாலையும் தயாராக இருக்கும் என்பது கணக்கு.

அதாவது, இங்கே அரசின் பணம் பொதுமக்கள் சந்தையைச் சுருக்கவில்லை. பெருக்கியிருக்கிறது. பொதுமக்கள் கைக்குப் போகும் தோட்டாக்களை ராணுவத்தின் ஆலையே தயாரிக்கலாமா என்ற எதிர்க் கேள்வியும் அமெரிக்காவில் கேட்கப்படுகிறது. ராணுவத்துக்குத் தேவை கூடினால் மட்டும் இந்தக் குழாய் சுருங்கும். 2022-ல் அங்கிருந்து வெளிச்சந்தை விற்பனை நிற்கப்போகிறது என்ற பேச்சு வந்ததுமே பரபரப்பு கிளம்பியது இதனால்தான்.

இரண்டாவது, இறக்குமதித் தடை. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவல்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில், 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது. விலை மலிவு என்பதற்காகவே ரஷ்யத் தோட்டா வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். அரசு ஒரு தோட்டாகூட வாங்காமலே, ஒரே கையெழுத்தில் சந்தைக்கு வரும் ஒரு வழி அடைபட்டது.

மூன்றாவதுதான் இன்றைக்கு முக்கியம்: வெடிமருந்து. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதற்கு மூலப்பொருள், பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்துக்கும் அதுவே அடிப்படை. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, மாதம் 14,000 அளவில் இருந்த 155 எம்எம் பீரங்கிக் குண்டு உற்பத்தியை ஒரு லட்சத்துக்குக் கொண்டுபோக அமெரிக்கா இலக்கு வைத்தது. ஐரோப்பாவும் அதே ஓட்டத்தில். இந்தக் குறும்பஞ்சுக்கு ஐரோப்பா பெரிதும் நம்பியிருப்பது சீனாவை.

விளைவு? ஃபெடரல், ரெமிங்டன், சிசிஐ தோட்டாக்களை விற்றுவந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனம், உலகளாவிய வெடிமருந்துப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 2024 ஜனவரி முதல் விலையை உயர்த்தியது. அரசு பீரங்கிக் குண்டு வாங்குகிறது, வேட்டைக்காரர் வாங்கும் தோட்டாவின் விலை ஏறுகிறது. இரண்டும் வேறு வேறு பொருள். மூலப்பொருள் ஒன்று.

இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தால் என்ன செய்வது?

160 கோடி விவகாரத்தில் அரசின் பக்கமும் தவறு உண்டு. டெண்டர் ஆவணம் முதலில் வெளியே வந்தது. எதற்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்ற விளக்கம் பின்னால் நடந்து வந்தது. முழுக் கணக்கு 2014 ஜனவரியில் கிடைக்கும்போது, பயத்தில் வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்திருந்தார்கள். அந்த இடைவெளியைத்தான் வதந்தி நிரப்பியது.

தோட்டா நமக்குத் தூரத்து விஷயம். ஆனால் "அரசு இத்தனை கோடிக்கு இதை வாங்குகிறது, நமக்கு இனி கிடைக்காது" என்ற வகைச் செய்தி எந்தப் பொருளைப் பற்றியும், எந்த ஊரிலும் வரலாம். ஃபார்வர்டு செய்வதற்கு முன், கடைக்கு ஓடுவதற்கு முன், மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அந்த எண் வாங்கியதா, வாங்கலாம் என்ற உச்சவரம்பா?

2. எத்தனை வருடத்துக்கு? மொத்தச் சந்தையில் அது நூற்றுக்கு எவ்வளவு?

3. அரசு வாங்குவதும் கடையில் காணாமல் போவதும் ஒரே பொருள்தானா?

2013-ல் ஒரு பெட்டி .22 தோட்டாவுக்காக அதிகாலையில் வால்மார்ட் வாசலில் நின்றவர் இந்த மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் போதும். அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் அரசு அதிகாரிகள் இல்லை, அவரைப் போலவே பயந்துபோன பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பது புரிந்திருக்கும்.